பிறையும் கிரகணமும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ஆம் தேதி இரவு நம் தேசத்தில் மேகம் மறைக்காத இடங்களிலெல்லாம் பூர்ண சந்திர கிரகணம் தெரிந்தது. இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர்ச் சந்திர பிம்பத்தின் ஓரத்தில் கருமை தட்டிற்று. பதினொரு மணிக்குப் பிம்பம் முழுவதும் ஒளி மங்கிச் செம்புத் தட்டைப் போலாயிற்று. 82 நிமிஷம் அந்நிலையில் இருந்துவிட்டுச் சிறிது சிறிதாக விடுபட்டது. அன்று மாடியில் நின்று வானத்தைப் பார்த்த படித்த அன்பர்களில் பத்துப் பேரை அழைத்து, "இது பூமியின் நிழலால் உண்டானது, சரி. ஆனால் மாதந்தோறும் சந்திரன் தேய்ந்து வளருகிறதே, அது எதனால்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுவும் பூமியின் நிழல்தான்" என்று தயக்கமின்றி விடை சொல்வோர் அவர்களுள் சிலராவது இருப்பர். அவர்கள் பாமரர் அல்லர், பள்ளியிலும் கலாசாலையிலும் பயின்றவர்கள், பத்திரிகை படிப்பவர்கள், மேடையேறிப் பிறருக்குப் புத்தி சொல்பவர்களுங்கூட.

ராஜீய விஷயங்கள் எத்தனையோ காத்துக் கிடக்கையில் இந்தப் பக்கத்தில் பிறையைப் பற்றியும் கிரகணத்தைப் பற்றியும் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. கண்ணுக்கு எதிரே மாதந்தோறும் நடக்கும் ஒரு காரியத்தின் காரணத்தைத் தானாகப் பார்த்து அறியாமல், யாரோ சொன்னதை வாங்கிக்கொண்டு திருப்தியடையும் மனோபாவம், வான சாஸ்திரத்தோடு நின்றுவிடுவதன்று. அதே மனோபாவந்தான் சட்டசபைக்கும் சந்தைக்கும் பிறகு வந்து சேருகிறது. ஆகவே வானத்திலிருந்தே தொடங்குவோம்.

இரண்டு கதைகள்

நம் புராணங்கள் இவ்விஷயத்தில் இக்காலத்துப் படித்தவரைவிடத் தெளிவாயிருந்தன என்று சொன்னால் நேயர்கள் ஆச்சரியப்படலாம். சந்திரன் தேய்வதற்குப் புராணம் ஒரு கதை சொல்லுகிறது: தக்ஷன் தன் இருபத்தேழு பெண்களைச் சந்திரனுக்கு மணஞ்செய்து கொடுத்தான், சந்திரன் ரோகிணி ஒருத்தியிடமே பக்ஷமாயிருந்தான், தக்ஷன் சபித்தான், சந்திரன் க்ஷயமடைந்தான், சிவபெருமான் அருளால் மறுபடியும் வளர்ந்தான். கிரகணத்துக்கு அது வேறொரு கதை சொல்லுகிறது: அமுதம் பங்கிட்டபோது தேவர் வரிசையில் ஒளிந்திருந்த அசுரனைச் சூரிய சந்திரர் காட்டிக் கொடுத்தனர்; அவன் தலை ராகுவாகவும் உடல் கேதுவாகவும் ஆகி, அந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள அவர்களைப் பற்றுகிறான்.

இவை கதைகளே. ஆயினும் கதை கட்டியவர்கள் ஒன்றை நன்கு கவனித்திருக்கிறார்கள். தேய்வதும் வளர்வதும் ஒரு விஷயம். பற்றுவதும் விடுவதும் மற்றொரு விஷயம். முன்னது தவறாமல் மாதந்தோறும் நடப்பது. பின்னது எப்பொழுதோ நேர்வது. முன்னதற்குப் பதினைந்து நாள் வேண்டும். பின்னது சில நாழிகையில் முடிந்துவிடும். இவ்வித்தியாசங்களைக் கண்டு இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் கற்பித்தார்கள். கதையை விட்டுவிட்டோம், அது நல்லதே. ஆனால் கதைக்குள் இருந்த கவனத்தையும் சேர்த்து விட்டுவிட்டு, இரண்டையும் "பூமியின் நிழல்" என்ற ஒரே மூட்டையில் கட்டினால், அதற்கு விஞ்ஞானம் என்று பெயரிடலாகாது.

பிறை உண்டாவது எவ்வாறு?

சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரிய வெளிச்சம் அதன்மீது பட்டுத் திரும்புவதையே நாம் நிலவு என்கிறோம். சந்திரன் ஓர் உருண்டையாதலால் சூரியனை நோக்கிய பாதி எப்பொழுதும் வெளிச்சமாகவும் மறுபாதி எப்பொழுதும் இருட்டாகவும் இருக்கும். கிரகண வேளை ஒன்று நீங்கலாக இதற்கு விலக்கே கிடையாது. அமாவாசையன்றும் சந்திரனில் பாதி பளிச்சென்றே விளங்குகிறது. அந்தப் பாதி நமக்கு அப்புறம் திரும்பியிருக்கிறது, அவ்வளவே.

சந்திரன் பூமியைச் சுற்றி வருகையில், அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறதோ அவ்வளவே அன்றைய பிறை. சூரியன் இருக்கும் திசையிலேயே சந்திரனும் இருந்தால் ஒன்றும் தெரியாது, அமாவாசை. நேர் எதிர்த்திசையில் இருந்தால் வெளிச்சப் பாதி முழுவதும் தெரியும், பௌர்ணமி. இரண்டுக்கும் நடுவே, சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகை ஆகும்போது வெளிச்சப் பாதியில் பாதி தெரியும், அஷ்டமி. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையில் சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிஷம்.

இதில் பூமியின் நிழலுக்கு வேலையே இல்லை. இந்த உண்மைக்கு மேனாட்டுப் புஸ்தகம் எதையும் தேட வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கமே சாக்ஷி. திதி என்பது யாது? சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி 12 பாகை வளர்வதற்கு ஆகும் காலமே ஒரு திதி. முப்பது திதிகள் சேர்ந்தால் 360 பாகை. ஒரு சுற்று முடிந்தது. திதியைக் கணிப்பவர் சூரியனுடைய ஸ்தானத்தையும் சந்திரனுடைய ஸ்தானத்தையும் எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார், வேறெதையும் தொடுவதில்லை. கிரகணத்தைக் கணிக்கும்போதோ அவருக்கு மூன்றாவது ஒன்று வேண்டியிருக்கிறது. அதுதான் ராகு. அதன் உண்மைப் பொருளைப் பின்னர்க் கூறுவோம். திதிக்கு இரண்டு, கிரகணத்துக்கு மூன்று என்னும் இந்தக் கணக்கு ஒன்றே, பிறை வேறு கிரகணம் வேறு என்பதை நிலைநாட்டப் போதுமானது.

கண்ணால் காணும் சாக்ஷிகள்

கணக்கில் பற்றில்லாதவர்களுக்குக் கண் இருக்கிறது. பூமியின் நிழல் எப்பொழுதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில்தான் விழும். மாலையில் சூரியன் மேற்கே மறையும்போது நிழல் கிழக்கே அடிவானத்தில் இருக்கும். அவ்வேளையில் மூன்றாம் பிறை எங்கே தோன்றுகிறது? மேற்கே, சூரியன் மறைந்த இடத்துக்கு அருகில். நிழல் கிழக்கே, பிறை மேற்கே. இரண்டுக்கும் இடையே வானத்தின் பெரும்பகுதி கிடக்கிறது. வளர்பிறை அஷ்டமியன்று சூரியாஸ்தமன வேளையில் சந்திரன் நடுவானத்தை ஒட்டி நிற்கும். அங்கும் நிழல் எட்டாது. தேய்பிறை அஷ்டமிக்குப் பின் காலை எட்டு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். கிழக்கே சூரியனும், மேற்கு வானத்தில் வெளிறிய சந்திரனும் ஒருங்கே தெரியும். இருவரும் மேலே இருக்க, நிழலோ நம் காலடிக்குக் கீழே மறுபுறத்தில் கிடக்கிறது. அந்தச் சந்திரனில் இல்லாத பாகத்தை எந்த நிழல் தின்றது?

மற்றொரு சாக்ஷி வடிவம். பூமி உருண்டையாதலால் அதன் நிழலின் ஓரம் எப்பொழுதும் வட்டத்தின் ஒரு துண்டாகவே இருக்கும். கிரகணத்தின்போது சந்திரனைக் கடித்தாற்போல அந்த வளைவு உள்நோக்கிக் குழிந்து தெரிவதைக் காணலாம். இவ்வளைவு மாறாதிருப்பதைக் கண்டே, கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்பதற்கு அதனை ஒரு சான்றாகக் காட்டினார். பிறைகளின் எல்லைக்கோடோ அப்படியன்று. அஷ்டமியில் அது நேர்கோடு. வட்ட நிழல் நேர்கோட்டில் வெட்டுவது எங்ஙனம்? ஏகாதசி நிலவிலோ ஒளிப்பாகம் இருட்பாகத்தை நோக்கி வெளியே பிதுங்கி நிற்கிறது. நிழல் கடித்த இடம் ஒருகாலும் வெளியே பிதுங்காது.

மூன்றாவது சாக்ஷி திசை. பிறையின் ஒளிமுகம் எப்பொழுதும் சூரியன் இருக்கும் பக்கத்தையே நோக்கும். மாலைப் பிறை மேற்கே கவிந்த சூரியனைப் பார்த்து வயிற்றைக் காட்டும். விடியற்காலைப் பிறை கிழக்கே எழப்போகும் சூரியனைப் பார்க்கும். பூமத்திய ரேகைக்குச் சமீபமான நம் நாட்டில் பிறை பல மாதங்களில் தோணி மிதப்பதுபோல் படுத்துத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். சூரியன் அதற்கு நேர் கீழே மறைந்திருக்கிறது. நம்முடைய குழந்தைகளுக்கு இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்து ஒரு மாதம் பார்க்கவிட்டால், பிறகு அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது.

கிரகணம் உண்டாவது எவ்வாறு?

கிரகணத்தில்தான் நிழல் வருகிறது. சூரியனுக்கு எதிரே பூமியின் கருநிழல் கூம்புபோலக் குவிந்து சுமார் 14 லக்ஷம் கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கிறது. சந்திரன் இருப்பதோ சராசரி 3,84,400 கிலோமீட்டரில். அவ்விடத்தில் அந்நிழலின் அகலம் சுமார் 9,000 கிலோமீட்டர். சந்திரனுடைய குறுக்களவோ 3,475 கிலோமீட்டர். ஆதலின் சந்திரன் நிழலின் நடுவே புகுந்தால் முற்றிலும் மூழ்கி, ஒன்றே முக்கால் மணி நேரம் வரையில் உள்ளே இருக்கக்கூடும். அப்பொழுதும் அது அறவே மறையாமல் செம்மை காட்டுவது ஏன்? பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலம் சூரிய ஒளியைச் சிறிது வளைத்து நிழலுக்குள் செலுத்துகிறது; நீல ஒளி வழியில் சிதறிப்போகச் சிவப்பே மிஞ்சுகிறது. அந்நேரத்தில் பூமியின் விளிம்பு முழுவதிலும் நிகழும் உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்தே சந்திரனுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. பிறையின் இருண்ட பாகத்தில் இச்செம்மை எப்பொழுதாவது கண்டதுண்டா?

சூரிய கிரகணத்திலோ மறைப்பது நிழலன்று, சந்திரனே. சூரியனுக்கும் நமக்கும் நடுவே அது குறுக்கிடுகிறது. சூரியன் சந்திரனைப்போல் சுமார் 400 மடங்கு பெரிது. அவ்வாறே சுமார் 400 மடங்கு தூரம். ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவாகத் தோன்றுகின்றன. சந்திரன் சற்றுத் தள்ளியிருக்கும்போது முழுவதும் மூட மாட்டாமல் சுற்றிலும் ஒளி வளையம் தெரியும். அதனைக் கங்கண கிரகணம் என்பர். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி தமிழ்நாட்டில் பல ஊர்களில் தெரிந்தது அதுவே. பூர்ண சூரிய கிரகணம் ஒரு குறுகிய பாதையிலுள்ளவர்களுக்கு மட்டும் சில நிமிஷம் கிட்டும். சந்திர கிரகணமோ அப்பொழுது இரவாயிருக்கும் பூமியின் பாதிக்கும் பொது. ஏழையும் செல்வனும் கருவி ஏதுமின்றி ஒருசேரப் பார்க்கலாம்.

அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமியிலும் சந்திர கிரகணமும், ஒவ்வொரு அமாவாசையிலும் சூரிய கிரகணமும் வர வேண்டுமல்லவா என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. சந்திரன் செல்லும் பாதை சூரியன் செல்லும் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. வானத்தில் சந்திரனுடைய அகலம் அரைப் பாகையே. எனவே பெரும்பாலான பௌர்ணமிகளில் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ, சில சமயம் தன் அகலத்தைப்போல் பத்து மடங்கு விலகி, தப்பிச் சென்றுவிடுகிறது. இரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இரண்டு. அவ்விடங்களுக்கு அருகில் பௌர்ணமியோ அமாவாசையோ நேர்ந்தால்தான் கிரகணம். அந்த இரண்டு இடங்களுக்குத்தான் கணிதர்கள் ராகு, கேது என்று பெயரிட்டார்கள். அவை பாம்புகளும் அல்ல, கிரகங்களும் அல்ல, வெறும் புள்ளிகள். அப்புள்ளிகளும் ஓரிடத்தில் நில்லாமல் பின்னோக்கி நகர்ந்து ஏறக்குறைய பதினெட்டரை வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன. ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை ராகு கேது பெயர்ச்சி என்று ஜனங்கள் கோவிலுக்குக் கூட்டங்கூட்டமாகச் செல்வது இந்தப் புள்ளிகளின் நகர்ச்சியை முன்னிட்டே.

வீட்டில் செய்யக்கூடிய பரீக்ஷை

இவ்வளவையும் ஒரு விளக்கும் ஓர் எலுமிச்சம்பழமும் கொண்டு ஐந்து நிமிஷத்தில் நேரில் காணலாம். இருட்டறையில் கண்மட்டத்தில் ஒரு விளக்கை வையுங்கள், அது சூரியன். உங்கள் தலை பூமி. பழத்தை ஒரு குச்சியில் குத்திக் கையை நீட்டித் தலைக்குச் சற்று உயரமாகப் பிடியுங்கள், அது சந்திரன். விளக்கைப் பார்த்து நின்றால் பழத்தின் இருண்ட பக்கமே தெரியும். அப்படியே இடப்புறமாக மெல்லத் திரும்புங்கள். வலது ஓரத்தில் மெல்லிய பிறை தோன்றும். கால் வட்டம் திரும்பியதும் பாதி. விளக்குக்கு முதுகு காட்டியதும் முழு நிலவு. மேலும் திரும்பினால் தேய்பிறை. இத்தனையிலும் உங்கள் தலையின் நிழல் பழத்தின்மீது ஒருமுறையும் விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்பொழுது முழு நிலவு நிலையில் பழத்தைச் சிறிது தாழ்த்துங்கள். உங்கள் தலையின் நிழல் அதன்மீது ஏறும். அதுவே சந்திர கிரகணம். விளக்கை நோக்கிய நிலையில் தாழ்த்தினால் பழம் விளக்கை மறைக்கும்; அதுவே சூரிய கிரகணம். பிறைக்குத் திரும்பினாற் போதும். கிரகணத்துக்கோ உயரமும் ஒத்திருக்க வேண்டும். முன்னே சொன்ன மூன்றாவது கணக்கு இந்த உயரந்தான்.

அறிந்தவர் யார்? அடங்கியவர் யார்?

நிற்க. இவ்வுண்மைகள் மேனாட்டாரிடமிருந்து நேற்று வந்தவை என்று எண்ணுவது பெரும் பிழை. குசுமபுரத்தில் விளங்கிய ஆரியபட்டர் தமது இருபத்து மூன்றாம் வயதில், கி.பி. 499-இல், தம் நூலில் இரண்டையும் தனித்தனியே கூறினார். கோளங்களில் சூரியனை நோக்கிய பாதி ஒளியுடையது, மறுபாதி தன் நிழலாலேயே இருண்டது என்றார். இது பிறைக்குக் காரணம். சந்திரன் சூரியனை மறைக்கிறது, பூமியின் பெருநிழல் சந்திரனை மறைக்கிறது என்றார். இது கிரகணத்துக்குக் காரணம். நக்ஷத்திரங்களுக்கும் சூரியனே ஒளி தருவதாக அவர் கருதியது பிழை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னோரைப் போற்றுவதற்குப் பொய் தேவையில்லை. அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், சந்திர கிரகணம் பிம்பத்தின் கிழக்கு ஓரத்திலும் சூரிய கிரகணம் மேற்கு ஓரத்திலும் தொடங்குவதை எடுத்துக்காட்டி, ராகு என்னும் அசுரன் காரணமாகான் என்று வாதித்தார்.

ஆனால் 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் செய்ததைப் பாருங்கள். மகா கணித மேதை. பூஜ்யத்துக்கு விதி வகுத்தவர். நிழலைக் கொண்டே கிரகணத்தைக் கணிக்க வழி சொன்னவர். அவரே, ராகு காரணமல்ல என்று சொன்ன முன்னோரைக் கண்டித்து, அது உலக வழக்குக்கும் வேத ஸ்மிருதிகளுக்கும் விரோதம் என்று எழுதினார். நானூறு வருஷத்துக்குப்பின், சுமார் 1030-இல், நம் சாஸ்திரங்களை ஊன்றிப் பயின்று நூலெழுதிய அல்பிரூனி இதைக் கண்டு வருந்தினார். இத்தனை அறிவுள்ள ஒருவர் மனச்சாக்ஷிக்கு மாறாக எழுத நேர்ந்தது, சாக்ரடீஸுக்கு வந்ததைப் போன்ற ஓர் ஆபத்து அவருக்கும் நேர்ந்ததனாலேயே இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். அறிவு குறைந்ததனால் அன்று, ஊரை எதிர்க்கும் துணிவு குறைந்ததனால் உண்மை பின்வாங்கிற்று. பொதுவாழ்வில் ஈடுபட்ட நம் அன்பர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதன் பலன் என்னவாயிற்று என்பதைத் தமிழ்நாட்டுக் கரையிலேயே காணலாம். சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக வந்து புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வான சாஸ்திரி லெ ஜென்டில், 1768, 1769-ஆம் ஆண்டுகளில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி நடந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறைப்படி கணித்ததில் 41 விநாடியே குறைந்தது; ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்ற மாயரின் அட்டவணையிலோ 68 விநாடி மிகுந்தது. 1825-இல் ஜான் வாரன் என்பவர் மற்றொரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லி, ஏடும் எழுத்தாணியுமின்றி அவ்வாண்டுக் கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிஷமே. நடுவில் 23 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம். அவருடைய ஞாபக சக்தியை வியந்த வாரன், அந்தக் கணிதத்துக்கு ஆதாரமான சித்தாந்தத்தில் ஒரு சொல்லும் அவர் அறியார் என்றும் எழுதிவைத்தார். பிற்காலத்தில், 1952-இல், கணித வரலாற்றாசிரியர் நியூகபவர் இதனை ஆராய்ந்து, அந்தச் சோழிகளுக்குப் பின்னே வராகமிகிரர் வழியாக ரோம சாம்ராஜ்ய காலத்துக்கும் அதற்கு முற்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடுகளுக்கும் செல்லும் பரம்பரை உண்டென்று காட்டினார். பல தேசத்தார் கைமாற்றிக் காத்த செல்வத்தை நம்மவர் ஆயிரத்தைந்நூறு வருஷம் சிந்தாமல் வைத்திருந்தனர். பெருமைதான். ஆனால் விதி மிஞ்சிற்று, காரணம் மறைந்தது. காரணம் மறைந்த இடத்தில்தான் 4 நிமிஷப் பிழை 52 நிமிஷமாக வளர்ந்தாலும் ஏனென்று கேட்பாரில்லாமற் போகிறது.

அச்சம் வேறு, ஜாக்கிரதை வேறு

இஃது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. 2019-ஆம் ஆண்டு அந்தக் கங்கண கிரகணத்தன்று, கர்நாடகத்தில் கலபுரகிக்கு அருகே ஒரு கிராமத்தில், அங்கஹீனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள். கிரகண வேளையில் அவ்வாறு செய்தால் உடல் குணமாகும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பெற்றவர்களைத் திட்டி என்ன பயன்? பிள்ளைமீதுள்ள அன்பினால் செய்தார்கள். அந்த அன்புக்குத் துணையாக அறிவைக் கொண்டுபோய்ச் சேர்க்காதது யார் குற்றம்? படித்தவராகிய நம் குற்றமே. நாமே பிறையையும் கிரகணத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கையில், அவர்களுக்கு எதனைச் சொல்லப் போகிறோம்?

கிரகணத்தன்று ஸ்நானம் செய்பவரோடும் ஜபம் செய்பவரோடும் நமக்கு வழக்கில்லை. அது அவரவர் பக்தி. ஆனால் சந்திர கிரகணத்தைக் கண்ணால் பார்த்தால் கேடு என்பதும், அந்நேரத்தில் சமைத்த உணவு நஞ்சாகும் என்பதும், கர்ப்பிணி ஜன்னலருகே வந்தால் சிசு ஊனமாகும் என்பதும் வீண் அச்சங்கள். பூமியின் நிழலில் எவ்வித விஷமும் இல்லை. ஒவ்வொரு இரவும் நாம் அந்நிழலுக்குள்தான் உண்டு உறங்குகிறோம். சூரிய கிரகணத்தில் மாத்திரம் ஒரு ஜாக்கிரதை அவசியம். சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தால் விழித்திரை கெடும். கிரகண வேளையில் பிரகாசம் குறைந்திருப்பதால் பார்க்கத் துணிவு வரும். மிச்சமுள்ள கீற்று வெளிச்சமே கண்ணைச் சுட்டுவிடும். தக்க வடிகண்ணாடி வேண்டும். அல்லது அட்டையில் சிறு துவாரமிட்டு நிழற்படத்தைத் தரையில் பார்க்கலாம். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் சொல்ல முடிகிறது. மேற்சொன்ன அச்சங்களுக்குச் சொல்ல முடிவதில்லை. அச்சத்தையும் ஜாக்கிரதையையும் பிரித்தறிய இதுவே உரைகல்.

1947-இல் அந்நிய ஆட்சி நீங்கிற்று. ஆயினும் "ஏன்?" என்று கேட்கத் துணியாதவனுக்கு எஜமானர்கள் குறைவதில்லை, ஒருவர் போனால் மற்றொருவர் வருவர். அந்தக் கேள்வியைப் பழக்குவதற்கு வானத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை. கட்டணம் கிடையாது, ஜாதி வித்தியாசம் கிடையாது, பரீக்ஷைத் தாளை யாரும் திருட முடியாது. அடுத்த அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலையில் உங்கள் வீட்டுக் குழந்தையை வெளியே அழைத்து வாருங்கள். பிறையைக் காட்டுங்கள். சூரியன் எங்கே மறைந்தது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அது தானே சொல்லட்டும். 2028-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு நம் தேசத்தில் மீண்டும் பூர்ண சந்திர கிரகணம் தெரியும். அன்று மாடியில் நிற்கும்போது அந்தக் குழந்தை உங்களுக்கு விளக்கம் சொல்லுமானால், சோழி பரப்பிய அந்தக் கணிதர் விட்டுப்போன கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தவர்களாவோம்.